அடி வாங்கவும் பழக வேண்டும்

"அகிம்சை, அகிம்சை என்கிறீர்களே, அடித்தால் திருப்பி அடிக்காமல் நிற்பதற்கு ஒரு பயிற்சி வேறு வேண்டுமா?" என்று சுங்கை ரம்பாய் வட்டார வாலிபர் சிலர் நம்மைக் கேட்கிறார்கள். வேண்டும் என்பதே நமது பதில். கோபம் கேளாமலே வரும். அதை அடக்கி நிற்பதற்குத்தான் பழக்கம் வேண்டும்.

1930 ஏப்ரல் 13-ஆம் நாள் ராஜாஜி ஏறக்குறைய நூறு தொண்டர்களுடன் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பெடுக்கப் புறப்பட்டார். கண்டவரையெல்லாம் சேர்த்துக்கொண்ட கூட்டமல்ல அது. பொறுக்கி எடுத்த அணி. சுமார் 150 மைல் நடை. தொண்டர்களுக்குச் சோறும் இடமும் கொடுப்போருக்குச் சிறை என்று தஞ்சைக் கலெக்டர் தார்ன் மிரட்டினார். ஊரார் சோற்றுப் பொட்டலங்களை மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். கொடுத்தவர் யார் என்று மரத்தையா விசாரிப்பது! வேதாரண்யத்தில் வைரப்பன் என்ற நாவிதர், போலீஸ்காரருக்குச் சவரம் செய்ய மறுத்துச் சிறை சென்றார்.

அவ்வாண்டு பிப்ரவரியில் காந்தியடிகள் தொண்டர்களுக்கு வகுத்த விதிகளில் ஒன்று நம்மவருக்குக் கசக்கும். அதிகாரியை யாரேனும் தாக்க வந்தால், தன் உயிரைக் கொடுத்தேனும் தொண்டன் அவரைக் காக்க வேண்டுமாம்.

நாகபுரியில் தங்கிக் காந்தி வழி கற்ற ஜேம்ஸ் லாசன், 1959-இல் அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் கறுப்பின மாணவரைப் பழக்கினார். சிலர் வெள்ளையராக நடித்து ஏசுவார்கள், நாற்காலியோடு தள்ளுவார்கள். மற்றவர் கை ஓங்காதிருக்கப் பழகுவார்கள். 1960 பிப்ரவரியில் உணவுக்கடைகளில் போய் அமர்ந்தார்கள். மே மாதத்தில் கடைகள் அவர்களுக்கும் பரிமாறத் தொடங்கின. தர்மசாலாவில் நாடிழந்து வாழும் திபேத்திய இளைஞர்களுக்கும் இவ்விதப் பயிற்சி நடந்திருக்கிறது.

நம் நாட்டுக் கதையும் உண்டு. 1941-இல் கிள்ளான் தோட்டங்களில் ஆர்.எச். நாதன் காலத்து வேலைநிறுத்தம், கூலி உயர்வு மட்டும் கேட்கவில்லை. துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கும் இழிவையும் ஒழிக்கக் கேட்டது. துப்பாக்கிதான் பதிலாக வந்தது. 1947-இல் கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளை எதிர்த்து நின்றார்கள். அணிவகுப்பு நன்றாகப் பழகியிருந்தார்கள். அடி விழும் நேரத்துக்கான பாடம் போதிய அளவு இருந்ததா என்பது நமக்கு ஐயமே.

இன்று பால் மரம் போய்ச் செம்பனை வந்த தோட்டங்கள் பல. நிலம் கைமாறும், லயத்தைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வரும். அன்றைக்கு ஒரு பையன் ஒரு கல்லை எறிந்துவிட்டால் போதும். வழக்கு வீட்டைப் பற்றியதாக இராது, கல்லைப் பற்றியதாகிவிடும். ஐம்பது வருடம் பால் வெட்டிய கிழவி பெட்டியோடு வெளியே நிற்பாள்.

ஆகவே கிளைச் சங்கங்கள் ஓய்வு நாளில் இரண்டு மணி நேரம் ஒதுக்கட்டும். பெண்களையும் அழைக்கட்டும், ஏச்சைக் கேட்டுப் பொறுத்ததில் அவர்கள் நமக்கு மூத்தவர்கள். முதல் நாளைக்கு நிருவாகத்தின் ஆளாக நடிக்க யார் வருகிறீர்கள் என்று அந்த வாலிபர்களையே கேட்டோம். ஒருவரும் கை தூக்கவில்லை. எல்லாருக்கும் தொழிலாளி வேடமே வேண்டுமாம்.