மடிக்கணினியை மாற்றுமுன் ரெம்மைப் பாருங்கள்

எங்கள் வீடுகளில் மடிக்கணினி ஒருவருக்கு மட்டும் உரியதல்ல. நானாவின் கம்பஸ் படிப்புக்கு வாங்கியது ராத்தாவிடம் போய், கடைசியில்தான் எங்கள் கைக்கு வரும். அதற்குள் எட்டு, ஒன்பது வருடம் ஓடியிருக்கும். ஸூம் வகுப்போடு பாடக்குறிப்பையும் திறந்தால் அப்படியே நின்றுவிடும். உடனே "புதுசு ஒன்று எடுக்க வேணும்" என்ற பேச்சு தொடங்கும். அதைக் கேட்டு வாப்பா மனதுக்குள் போடும் கணக்கை நாங்கள் யோசிப்பதில்லை.

மெதுவாக ஓடும் கணினியெல்லாம் பழுதான கணினி அல்ல என்பது என் கருத்து. 4 ஜி.பி. ரெம், குரோமில் சில பக்கங்கள் திறந்தாலே நிரம்பிவிடும். நிரம்பியதும் விண்டோஸ் மிச்சத்தை வன்தட்டில் கொண்டுபோய் வைத்து, தேவைப்படும்போது திரும்ப எடுக்கும். நிமிடத்துக்கு 5400 தடவை சுழலும் தட்டென்றாலும் அது ரெம்மின் வேகத்துக்குக் கிட்டவும் வராது. நாங்கள் காத்திருப்பது இந்தப் போக்குவரவுக்காகத்தான். 8 ஜி.பி. ஆக்கினால் அது பெருமளவு குறையும்.

சோதித்துப் பார்க்கக் காசு தேவையில்லை. கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். வழமையான வேலைகளைத் திறந்துவைத்துவிட்டு 'மெமரி'யைப் பாருங்கள். 90 சதவீதத்துக்கு மேலேயே நின்றால் ரெம் போதவில்லை. மெமரியில் இடமிருக்க 'டிஸ்க்' மட்டும் 100இல் நின்றால் ரெம்முக்குச் செலவழிப்பது வீண். வன்தட்டுக்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. போடுவதே பலன் தரும். டி.டி.ஆர்.3 ரெம் டி.டி.ஆர்.4 இடத்தில் பொருந்தாது. மெல்லிய சில மாடல்களில் ரெம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும், மாற்ற முடியாது. கடைக்குப் போகுமுன் இவற்றை அறிந்திருந்தால் யாரும் எங்களை ஏமாற்ற முடியாது.

ரெம் தீர்க்காத பிரச்சினையும் உண்டு. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்தது. பழைய பல கணினிகள் விண்டோஸ் 11ஐ ஏற்பதில்லை. அப்படிப்பட்டதில் பாடம் படிக்கலாம். வாப்பாவின் வங்கிக் கணக்கைத் திறக்க நான் விடமாட்டேன்.

இன்னொரு விடயம். மூடியைக் கழற்றும் வேலை ஏன் எப்போதும் ஆண்பிள்ளைகளிடமே போகிறது? தையல் மெஷினைக் கழற்றி எண்ணெய் போட்டுப் பூட்டுகிற உம்மாமார் உள்ள வீட்டில் ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவர் பெரிய காரியமா? கணினியை நிறுத்தி, சார்ஜரையும் பட்டரியையும் கழற்றி, ஓர் உலோகப் பொருளைத் தொட்டுவிட்டு, ரெம்மைச் சாய்வாகச் செருகி மெல்ல அழுத்தினால் இருபக்கக் கிளிப்பும் 'டிக்' என்று பிடிக்கும். எங்கள் வீட்டில் இதைச் செய்தது நான். தம்பி டோர்ச் பிடித்தான்.