திதி அறியா முன்னோரும் ஆகஸ்டு 15-ஆம் நாளும்

ஆடி மாதம் அன்னை பராசக்திக்கு உகந்த மாதமாகும். கோலசிலாங்கூர், புக்கிட் ரோத்தான், இன்று பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாறியுள்ள பத்தாங் பெர்ஜுந்தை ஆகிய வட்டாரங்களின் தோட்டப்புற ஆலயங்களில் அம்மனுக்குக் கூழ் வார்த்து வழிபடும் காலம் இது. இம்மாதம் நிறைவுறும் தறுவாயில் ஆண்டுதோறும் வருகின்ற ஆகஸ்டு 15-ஆம் நாள், நம் மக்களின் வரலாற்றில் இரு பெரும் நிகழ்ச்சிகளைத் தாங்கி நிற்பதாகும்.

1947-ஆம் ஆண்டு அந்நாளில் பாரதம் விடுதலை பெற்றதை அனைவரும் அறிவர். அன்று வெள்ளிக்கிழமை, அவ்வாண்டின் கடைசி ஆடி வெள்ளி. மறுநாள் அமாவாசை. அந்நாள் நல்ல நாளன்று எனச் சோதிடர் பலர் மறுப்புத் தெரிவித்தனர். ஆகவே, அரசியல் நிர்ணய சபை 14-ஆம் தேதி இரவே கூடி, நள்ளிரவில் சுதந்திரத்தை வரவேற்றது. மகான் அரவிந்தர் பிறந்ததும் 1872-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாளே என்பது ஈண்டு குறிப்பிடத்தக்கது.

சோதிடர் விரும்பாத அந்நாள் தேர்ந்தெடுக்கப்பட்டது ஏன்? இதற்கு விடை நாம் வாழும் இப்பகுதியின் வரலாற்றில் இருக்கின்றது. 1945-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள், ஜப்பான் சரணடைந்த செய்தியை அந்நாட்டுப் பேரரசர் வானொலியில் அறிவித்தார். அப்போது தென்கிழக்காசியாவில் நேச நாட்டுப் படைகளின் தலைமைத் தளபதியாக இருந்தவர் மவுண்ட்பேட்டன் பிரபு. அவரே பின்னர் இந்தியாவின் வைஸ்ராயாகி, அதிகார மாற்றத்திற்கு நாள் குறித்தார். ஜப்பான் சரணடைந்த இரண்டாம் ஆண்டு நிறைவு என்பதாலேயே அந்நாளைத் தேர்ந்ததாக அவர் பிற்காலத்தில் கூறினார். ஆகவே, இரு நிகழ்ச்சிகளும் ஒரே நாளில் அமைந்தது தற்செயல் அன்று.

முதல் நிகழ்ச்சியைக் கொண்டாடும் நாம், இரண்டாவதை மறந்து விடுகின்றோம். ஆனால், மலாயாத் தோட்டத் தொழிலாளர்க்கு 1945-இல் வந்த அந்நாளே உயிர் காத்த நாள். சயாமையும் பர்மாவையும் இணைக்க ஜப்பானியர் 415 கிலோமீட்டர் நீள இரயில் பாதையை 1942, 1943-ஆம் ஆண்டுகளில் அமைத்தனர். நல்ல கூலி என்று ஆசை காட்டியும், பின்னர் வலுக்கட்டாயமாகவும் மலாயாவிலிருந்து பல்லாயிரவர் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் தோட்டத் தமிழர். வாந்திபேதியும் மலேரியாவும் பட்டினியும் அவர்களைக் கூட்டங்கூட்டமாக மாய்த்தன. பாதை முடிந்த பின்னரும், பழுது பார்க்கும் வேலை போர் முடியும்வரை தொடர்ந்தது. ஆகஸ்டு 15 வந்திராவிட்டால் எஞ்சியோரும் மீண்டிருப்பரோ?

மீளாதவர் நிலை என்ன? காஞ்சனபுரிப் போர்க் கல்லறையில் நேச நாட்டுப் போர்க்கைதிகள் ஏறத்தாழ 7,000 பேர் முறையாக அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். தமிழ்த் தொழிலாளருள் பெரும்பாலோர்க்குப் பெயர் பொறித்த ஒரு கல்லும் இல்லை. இவ்வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில் 1917-ஆம் ஆண்டு மலாயாவின் முதல் வணிகச் செம்பனை நடப்பட்டது என்பது ஏட்டில் இருக்கின்றது. நட்டுவித்த துரையின் பெயரும் இருக்கின்றது. ஆனால், தோட்டங்களிலிருந்து சயாமுக்குப் போன தகப்பன் எந்நாளில் மாண்டான் என்பது எந்த ஏட்டிலும் இல்லை. நாள் தெரியாமையால் அவனுக்குத் திதியும் இல்லை.

இத்தகையோரை நம் சமயம் கைவிட்டு விடவில்லை. இறந்த நாள் அறியப்படாதவர்க்குப் புரட்டாசி மாத மகாளய அமாவாசையில் தர்ப்பணம் செய்யலாம் என்பது பெரியோர் வகுத்த முறை. ஆடி அமாவாசையும் முன்னோர் வழிபாட்டுக்கு உரியதே. மகன் செய்யத் தவறியதைப் பேரன் செய்யலாம். குடும்பமே அற்றுப் போனவர்க்கு ஊர் கூடி மோட்ச தீபம் ஏற்றலாம்.

ஆனால், சங்கற்பத்தில் சொல்வதற்குப் பெயர் வேண்டுமன்றோ? சயாமுக்குச் சென்று திரும்பியவர்கள் அநேகமாக மறைந்து விட்டனர். அவர்கள் சொல்லக் கேட்ட பிள்ளைகளே இன்று முதியோர். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் பட்டணங்களுக்குப் பெயர்ந்து விட்டனர். சிதறிய குடும்பங்கள் மீண்டும் ஒன்றுகூடுவது திருவிழா நாளில் மட்டுமே. ஆகவே, ஒவ்வோர் ஆலய நிர்வாகமும் இவ்வாண்டுத் திருவிழாவிலேயே ஒரு குறிப்பேட்டைத் திறந்து, சயாமில் மாண்டோரின் பெயர், தோட்டம், உறவினர் விவரங்களைக் கேட்டு எழுதி வைத்தல் வேண்டும். அதற்குப் பெரும்பொருள் தேவையில்லை. ஒரு மேசையும், பொறுமையாகக் கேட்டு எழுதும் ஒருவரும் போதும். உபயகாரர்களும் இப்பணிக்குத் துணை நிற்பார்களாக.

கோபுரத்திற்கு வண்ணம் அடுத்த ஆண்டும் தீட்டலாம். முதியோர் நினைவிலுள்ள பெயர்களை அடுத்த ஆண்டு கேட்க இயலும் என்பதற்கு உறுதியில்லை. இக்கடமையை நிறைவேற்ற அன்னை மாரியம்மன் அருள் புரிவாளாக!