அடிக்காமல் நிற்பதற்கும் துணிவு வேண்டும்

துணிவு என்றதும் சீறி வரும் காளையின் திமிலைப் பிடிப்பவனும், நடு இரவில் பம்புசெட்டுக்குத் தனியே போய் வருபவனும்தான் நம் நினைவுக்கு வருகிறார்கள். அதுவும் துணிவுதான். ஆனால் 2 ஏக்கர் நெல் வைத்திருக்கும் விவசாயிக்கு அன்றாடம் வேண்டிய துணிவு வேறு. அதை யாரும் பாராட்டுவதில்லை. பல நேரம் சோம்பல் என்றே ஊர் பேசும்.

நடவு முடிந்து 20, 25 நாள் ஆகியிருக்கும். இலைகள் அங்கங்கே சுருண்டு வெளுத்துத் தெரியும். பக்கத்து வயல்காரர் காலையிலேயே தெளிப்பானை முதுகில் மாட்டிவிடுவார். வரப்பில் போகிறவர்கள், "இன்னும் மருந்து அடிக்கலையா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். புழுவுக்குப் பயந்து அடிக்கும் மருந்தும் உண்டு. இந்தக் கேள்விக்குப் பயந்து அடிக்கும் மருந்தும் உண்டு.

இளம் பயிரில் இலைச்சுருட்டுப் புழு கொஞ்சம் தின்றாலும், புதிய தூரும் இலையும் விட்டுப் பயிர் அதை ஈடு செய்துகொள்ளும். வியட்நாமின் மீகாங் டெல்டாவில், விதைத்த முதல் 40 நாட்களுக்கு இலை தின்னும் புழுக்களுக்கு மருந்து வேண்டாம் என்று 1994-ம் ஆண்டு பிரசாரம் நடந்தது. வயலில் ஒரு பகுதியை அடிக்காமல் விட்டுப் பார்த்த விவசாயிகள், விளைச்சல் குறையாததைக் கண்டு மருந்தைப் பெருமளவு குறைத்தார்கள்.

இந்தோனேசியாவில் நேர்ந்தது இன்னும் பெரிய பாடம். அங்கே மருந்து அடிக்க அடிக்கப் புகையான் பெருகியது. புகையானைத் தின்னும் சிலந்தியும் நாவாய்ப்பூச்சியும் மருந்தில் மடிந்தன. பயிருக்குள் வைக்கப்பட்ட புகையான் முட்டைகளோ தப்பிப் பொரித்தன. கடைசியில் 1986-ல் அந்நாட்டு அரசு 57 வகைப் பூச்சிமருந்துகளை நெல்லுக்கு அடிக்கக் கூடாது என்று தடை செய்தது.

அதற்காக, எது வந்தாலும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது துணிவு ஆகாது. அது வீம்பு. வயலில் இறங்கி நாலைந்து இடங்களில் குத்துகளைப் பிரித்து எண்ணிப் பார்க்க வேண்டும். வளரும் பருவத்தில் 10 சதவிகித இலைகளும், பூக்கும் பருவத்தில் கண்ணாடி இலைகளில் 5 சதவிகிதமும் சேதமானால்தான் இலைச்சுருட்டுப் புழுவுக்கு மருந்து. புகையானுக்குத் தூருக்கு 1 பூச்சி கணக்கு. குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு 2 வரை பொறுக்கலாம். கணக்கு தாண்டினால் தயங்காமல் அடியுங்கள்.

வரப்பில் கேட்கிறவருக்குப் பதில் சொல்லிவிடலாம். மருந்துக் கடையில் சொல்வதுதான் கடினம். உரத்துக்குக் கடன் கொடுத்தவர் அவர். போன போகத்துப் பாக்கியே நிற்கிறது. அவர் இரண்டு புட்டிகளை எடுத்து மேஜையில் வைத்தால், 'வேண்டாம்' என்ற சொல் தொண்டையை விட்டு வெளியே வராது. வாங்கிய கடனுக்கு நாணயமாகப் பணம் திருப்பித் தருவது நம் கடமை. தேவையில்லாத மருந்தையும் சேர்த்து வாங்குவது கடமை அல்ல. "எண்ணிப் பார்த்தேன், இப்போது தேவையில்லை, தேவைப்பட்டால் வருகிறேன்" என்று மரியாதையாகச் சொல்லலாம். வாங்கும்போது ரசீதும் கேட்கலாம்.

இன்னொன்றும் உண்டு. களை எடுக்கக் குனியும் பெண்களின் கண்ணில்தான் பூச்சி முதலில் படுகிறது. "வயலில் என்ன பார்த்தீர்கள்?" என்று அவர்களைக் கேட்க நம்மில் பலருக்குக் கௌரவம் இடம் கொடுப்பதில்லை. அந்தக் கௌரவத்தை விடுவதற்கும் துணிவு வேண்டும்.

முழு வயலுக்கும் மனம் வராவிட்டால், இந்தப் போகத்தில் 10 சென்ட்டை மட்டும் முதல் 40 நாட்கள் மருந்தில்லாமல் விட்டு, எண்ணி வாருங்கள். அறுவடையில் அந்த நெல்லைத் தனியே அளந்து பாருங்கள். அடுத்த போகத்தில் வரப்பில் யார் கேட்டாலும் சொல்ல உங்களிடம் ஒரு கணக்கு இருக்கும்.