வாடகை வீடும் வாய்ச்சொல்லும்

‘எலி வளையானாலும் தனி வளை வேண்டும்’ என்பர் நம் பெரியோர். அத்தனி வளை வாய்க்கும்வரை பிறர் வீட்டில் வாடகைக்கு இருந்தே நம்மிற் பலர் காலங் கழிக்கின்றோம். அதனைச் செவ்வனே செய்வது எவ்வாறு என்பது பற்றி இவ்வாரம் வாசகர்களுடன் சில சொற்கள் பேச விழைகின்றோம்.

1874 ஆம் ஆண்டிற் புகையிரதப் பாதை எட்டிய நாள்முதல், நாவலப்பிட்டி சுற்றுப்புறத் தோட்டங்களுக்குத் தலைவாயிலாக விளங்கி வருகின்றது. லயங்களிற் பிறந்து வளர்ந்த குடும்பங்கள், பிள்ளைகளின் படிப்பை முன்னிட்டு இங்கு இறங்கி வருகின்றன. பிள்ளை பேராதனைப் பல்கலைக்கழகத்திற்குத் தெரிவாயின், அடுத்தபடியாகக் கண்டியில் வீடு தேடுகின்றன. லயத்து அறைக்குத் தெருப்பெயரும் இலக்கமும் இல்லாதிருந்தமையால், கடிதங்கள் நெடுங்காலமாகத் தோட்டக் காரியாலயத்தின் வழியாகவே வந்தன. இத்தகையோர்க்கு வாடகை வீடே முதன்முதற் கிட்டும் சொந்த விலாசம். பாடசாலை அனுமதிக்கும் வாக்காளர் இடாப்பிற்கும் அவ்விலாசம் வேண்டியதாகின்றது.

கண்டியோ அழகிய பழம்பதி. 1815 வரை அரசிருந்த நகர். 1988 இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. சாளரத்தைத் திறந்தவுடன் வாவியும் மலையும் தோன்றுமாயின், மயங்கி அப்பொழுதே முற்பணம் கொடுப்போரும் உளர். அவர்களுக்கு யாம் கூறுவது ஒன்றே: வீட்டை வெயிலிற் பார்த்தது போதாது, மழையிலும் ஒருமுறை பார்த்துவிடுக. கூரை ஒழுகுகின்றதா, சுவர் வியர்க்கின்றதா, வீட்டின் பின்புறத்து மண்மேடு எத்தகையது என்பவை அப்பொழுதே புலப்படும். 2025 நவம்பரில் வீசிய ‘தித்வா’ப் புயலின்போது மண்சரிவினால் மலைநாட்டிற் பல உயிர்கள் மாண்டன. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விடுக்கும் மண்சரிவு எச்சரிக்கைகளில் அவ்விடத்தின் பெயர் வந்துள்ளதா என அயலாரிடம் கேட்டறிதல் நன்று.

இனி, எழுத்தைப் பற்றியது. “வீட்டுக்கார ஐயா நல்லவர், எழுத்தெல்லாம் எதற்கு?” என்பது நம்மவர் வழக்கம். அவர் நல்லவராகவே இருக்கட்டும். அவருக்குப் பின் வீடு பிள்ளைகளின் கைக்கு மாறினால் வாய்ச்சொல்லுக்குச் சாட்சி யார்? 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு மாதத்திற்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு ஒருவரும் இரு சாட்சிகளும் முன்னிலையாகக் கையெழுத்திடப்பட வேண்டும். ஓராண்டு என்று வெறுங் காகிதத்தில் எழுதிக்கொள்வது அரணாகாது. 1972 இன் வாடகைச் சட்டம் குடியிருப்போர்க்குப் பெருந்துணையாக வந்தது உண்மையே. ஆயினும் 1980 இன் திருத்தம், அவ்வாண்டுத் தொடக்கத்தின் பின் கட்டப்பட்ட குடியிருப்பு வீடுகளை அதன் எல்லைக்கு வெளியே நிறுத்திற்று. ஆதலின் புதிய வீட்டிற் குடிபுகுவோர்க்கு நல்ல ஒப்பந்தமே காவல்.

முற்பணம் எவ்வளவு, அது எப்பொழுது திரும்பும், வெளியேறுவதற்கு எத்தனை மாத அறிவித்தல், பழுது பார்ப்பவர் யார் என்பன அதில் ஐயமின்றி இடம்பெறல் வேண்டும். மாதந்தோறும் பற்றுச்சீட்டுப் பெறுக. குடிபுகும் நாளில் மின்மானி, நீர்மானி இவற்றின் அளவைக் குறித்துக்கொள்க. குடியிருப்போரும் வாடகையைத் தவணை தவறாது கொடுத்து, வீட்டைத் தமதேபோற் பேணுதல் கடன்.

இறுதியாக மாணவச் செல்வங்களுக்கு ஒரு வார்த்தை. ஒப்பந்தங்கள் பெரும்பாலும் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ எழுதப்படுகின்றன. தமக்கு விளங்காத பத்திரத்திற் கையெழுத்திடும் பெற்றோர் இன்றும் பலர். உங்கள் படிப்பிற்காகவே அவர்கள் அவ்வீட்டை எடுக்கின்றனர். அப்பத்திரத்தை வரிவரியாகத் தமிழிற் சொல்லிக் காட்டி, விளங்காத இடத்தை நொத்தாரிசிடம் கேட்டுத் தெளிந்த பின்னரே தந்தையார் கையிற் பேனாவைக் கொடுங்கள். நீங்கள் கற்ற கல்வி வீட்டிற்குச் செய்யும் முதல் உதவி அதுவாகட்டும்.