இருமலும் காலண்டரும்

மார்கழி, தை மாதங்களில் 'லொக், லொக்' என்ற சப்தம் கேட்காத வீடு ஏது? எங்கள் வீட்டில் அந்தக் குளிர் நாட்களில் இரண்டு பேர் இருமிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் என் தமக்கையின் பத்து வயதுப் பையன். மற்றொருவர் கிராமத்திலிருந்து வந்திருந்த அத்தை.

பையனுக்கு முதலில் ஜலதோஷம். பிறகு நெஞ்சுச் சளி. பத்தாம் நாள் சளி மஞ்சளாக வரவே, அக்கா பயந்துபோய் டாக்டரம்மாவிடம் அழைத்துச் சென்றாள். துணைக்கு நானும் அத்தையும் போனோம்.

"நல்ல ஆன்டிபயாடிக் ஒன்று எழுதிக் கொடுங்கள், டாக்டர்" என்றாள் அக்கா.

டாக்டரம்மா பையனின் மார்பைச் சோதித்துவிட்டு, "உங்கள் வீட்டில் காலண்டர் இருக்கிறதா, அம்மா?" என்று கேட்டார். எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. அவரே விளக்கினார்.

நம் மூச்சுக் குழாய் மரக்கிளைபோல் பிரிந்து பிரிந்து நுரையீரலுக்குள் செல்கிறது. அதன் உட்புறத்தில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய மயிர்கள் இருக்கின்றன. தூசியையும் சளியையும் மேல்நோக்கிப் பெருக்கித் தள்ளுவது அவற்றின் வேலை. குழாயின் உட்புறம் வீங்கிச் சளி அதிகமாகச் சுரப்பதைத்தான் 'பிராங்கைடிஸ்' என்கிறார்கள். திடீரென்று வரும் பிராங்கைடிஸுக்குப் பெரும்பாலும் வைரஸ்களே காரணம். ஆன்டிபயாடிக் மருந்து வைரஸை ஒன்றும் செய்யாது. சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ இருப்பதால் மட்டும் அந்த மருந்து தேவை என்று ஆகிவிடாது.

"இந்த இருமல் அடங்க இரண்டு மூன்று வாரம் ஆகலாம். ஆரம்பித்த தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். வெந்நீர், கஞ்சி, ஓய்வு போதும். இரவில் ஒரு கரண்டி தேன் கொடுக்கலாம். இரண்டு வாரம் தாண்டியும் இருமினால் சளியைச் சோதித்து, காசநோய் இல்லையென்று நிச்சயம் செய்துகொள்ள வேண்டும். அரசாங்க ஆஸ்பத்திரியில் அதற்குக் காசு கிடையாது" என்றார் டாக்டர்.

ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது. குழந்தையின் மூக்கில் எண்ணெய் விடுவதும் அபாயம்; அது நுரையீரலுக்குள் இறங்கிவிடும். கொதிக்கும் நீர்ப் பாத்திரத்தின் முன் குழந்தைகளை ஆவி பிடிக்க வைத்தால், அது கவிழ்ந்து உடம்பு வெந்துபோகக்கூடும்.

நாங்கள் எழுந்திருக்கும்போது அத்தைக்கு இருமல் வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"உங்களுக்கு எத்தனை நாளாக, அம்மா?"

"இது வழக்கமா வர்ற இருமல்தான், டாக்டரம்மா. ஐப்பசியிலே வரும், மாசி வந்தா போயிடும். நாலஞ்சு வருஷமா இப்படித்தான்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "உட்காருங்கள்" என்றார்.

வேறு காரணமில்லாமல், வருஷத்தில் மூன்று மாதம் சளியோடு கூடிய இருமல் தொடர்ந்து இரண்டு வருஷம் வந்தால் அது நாள்பட்ட பிராங்கைடிஸ். சளியைச் சோதித்ததில் அத்தைக்குக் காசநோய் இல்லை. ஆனால் கருவியில் ஊதச் சொல்லிப் பார்த்ததில், மூச்சுக் குழாய்கள் சுருங்கியிருப்பது தெரிந்தது. புகை பிடிப்பவர்களுக்கு அதிகமாக வரும் வியாதி என்று கேட்டதும் அத்தைக்கு ரோஷம் வந்துவிட்டது.

"பீடி சுருட்டைத் தொட்டவளா நான்?"

"எத்தனை வருஷம் விறகு அடுப்பில் சமைத்தீர்கள்?"

அத்தை கணக்குப் போட்டார். நாற்பத்திரண்டு வருஷம்!

அடுப்புப் புகையும் அந்த நுண்ணிய மயிர்களைக் கெடுத்துவிடுகிறது. பெருக்க ஆளில்லாமல் சளி தேங்குகிறது. புகையின் கொடுமைக்கு லண்டன் நகரமே சாட்சி. 1952 டிசம்பரில் ஐந்து நாட்கள் நிலக்கரிப் புகை பனியோடு கலந்து அங்கே கவிந்து நின்றது. அப்போதைய கணக்குப்படியே சுமார் 4,000 பேர் மாண்டார்கள். 1956-இல் புகையைக் கட்டுப்படுத்தச் சட்டம் கொண்டுவந்தார்கள். நம் சமையலறைப் புகைக்குச் சட்டம் போட வேண்டியவர்கள் நாம்தான்.

அத்தை வீட்டில் காஸ் அடுப்பு இல்லாமலில்லை. காப்பிக்கு மட்டும் காஸ். சோறு வடிக்கவும் வெந்நீர் போடவும் விறகு. சிலிண்டர் சீக்கிரம் தீர்ந்துவிடுமாம்! டாக்டர் இன்ஹேலர் கொடுத்தபோதும், "இதைத் தொட்டா ஆயுசுக்கும் விடாதாமே?" என்று தயங்கினார். மருந்து நேராகக் குழாய்க்கே போவதால் கொஞ்சமே போதும் என்றும், அது போதைப் பழக்கம் அல்ல என்றும் டாக்டர் எடுத்துச் சொன்ன பிறகே வாங்கிக்கொண்டார். கெட்டுப்போனது முழுவதும் திரும்பாது. ஆனால் புகையை விட்டால் மேலும் கெடுவது குறையும்.

சகோதரிகளே, மூச்சுத் திணறல், சளியில் ரத்தம், மார்பு வலி, விடாத ஜுரம், உடல் மெலிவு, மூச்சு விடும்போது குழந்தையின் விலாப்புறம் உள்வாங்குவது ஆகியவற்றில் ஏதாவது ஒன்று கண்டாலும் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். உடனே டாக்டரிடம் போங்கள்.

பையனுக்குப் பதினெட்டாம் நாள் இருமல் நின்றது. மருந்துச் செலவு ஒன்றுமில்லை. போன வாரம் அத்தை டெலிபோனில் பேசினார். "சோறும் இப்போ காஸிலேதான். வெந்நீர் மட்டும் விறகிலே, உன் மாமா வாசல்லே வச்சுப் போடறார்" என்றார்.

பிள்ளையின் இருமலுக்குப் பதறி ஓடும் நாம், வீட்டுப் பெரியவளின் இருமலை 'வழக்கமானது' என்று விட்டுவிடுகிறோம். இன்றைக்கே அவரிடம் கேட்டுப் பாருங்கள்: எத்தனை மாதமாக, எத்தனை வருஷமாக?