சிறு குப்பிக்குள் பெரிய ஆலை

புற்றுநோய்க்கும் முடக்குவாதத்துக்கும் இன்று வைத்தியர்கள் ஊசிமூலம் செலுத்தும் ஆன்டிபாடி மருந்துகளில் பெரும்பாலானவை, 1957ஆம் ஆண்டில் அமெரிக்க விஞ்ஞானி தியோடர் பக் சீனத்து வெள்ளெலியின் சூலகத்திலிருந்து எடுத்து வளர்த்த செல்களின் சந்ததியைக் கொண்டே தயாராகின்றன. 10,000 லிட்டருக்கு மேலும் கொள்ளும் எஃகுக் கலங்களில் அச்செல்கள் ஏறத்தாழ இரண்டு வாரம் வளர்ந்து மருந்தைச் சுரக்கும் அதிசயத்தைப் போற்றாதவர் இல்லை. சுரந்ததைச் செல்களிடமிருந்து பிரித்தெடுக்கும் அறுவடையைப் பற்றிச் சிரத்தையோடு பேசுவோரோ மிகச் சிலர். இந்த அலட்சியம் நியாயமன்று என்பது என் அபிப்பிராயம்.

ஆலையில் கலத்துத் திரவம், நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை சுழலும் மையவிலக்கு யந்திரத்துள் பாய்ந்து, கனத்த செல்கள் விளிம்பில் ஒதுங்க, தெளிந்த பாகம் தடித்த வடிகட்டிகளின் வழியே இறங்குகிறது. ஆனால் தாவர செல்லுக்குள்ள உறுதியான சுவர் இல்லாமல் வெறும் சவ்வினால் மூடப்பட்ட இச்செல்களில் பல, யந்திரத்தின் நுழைவாயிலிலேயே உரசுவிசையால் கிழிந்து நுண்துகள்களாகிவிடுகின்றன. காபிப்பொடி மாவாக அரைபட்டுவிட்டால் பில்டரில் டிகாஷன் இறங்காமல் நின்றுவிடுவதை நம் வீடுகளில் பார்த்திருக்கிறோமே, அதே சங்கடந்தான் அங்கும் நேர்கிறது. அடைபடுவது விலையுயர்ந்த வடிகட்டி என்பதே வித்தியாசம்.

இதை ஆலையிலேயே சோதித்தறிவதானால் ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு கலம் மருந்தைப் பணயம் வைக்க வேண்டும். லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியின் உயிர்வேதிப் பொறியியல் துறையினர், பெரிய யந்திரத்தை அப்படியே குறுக்கி வார்க்க முயலாமல், செல்லுக்கு அங்கே நேரும் காயத்தை மட்டும் இங்கே உண்டாக்கினால் போதும் என்று துணிந்தார்கள். சுமார் 20 மில்லிலிட்டர் கொள்ளும் மூடிய சிற்றறை. அதனுள் ஒரு தட்டு. அத்தட்டைக் குறித்த வேகத்தில் சில விநாடிகள் சுழற்றிய பின் திரவத்தைச் சாதாரணச் சோதனைக்குழாயில் இட்டு, ஆலை யந்திரத்தின் படிவுத்திறனுக்கு இணையாகக் கணக்கிட்ட வேகத்தில் மையவிலக்கி, மேலே நிற்கும் நீரின் கலங்கலை அளக்கிறார்கள். ஒரு கைப்பிடித் திரவம் ஆலையின் வருங்காலத்தைச் சொல்லிவிடுகிறது.

செல்கள் காயமுறாத மாதிரியை நம்புவது எவ்வளவு அபாயகரமானது என்பதற்கு அமெரிக்காவின் ஜெனன்டெக் ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட கட்டுரைகள் சான்று. ஆலையில் அறுவடையான ஆன்டிபாடி, தன் கந்தகப் பிணைப்புகள் அறுந்து துண்டுகளாகிக் கிடந்தது. அவர்கள் செல்களை வேண்டுமென்றே உடைத்து, அத்திரவத்தைப் பிராணவாயு குன்றிய நிலையில் வைத்துப் பார்த்தபோதுதான் அதே சேதம் ஆய்வுக்கூடத்திலும் தோன்றியது. உடைந்த செல்லிலிருந்து கசிந்த தயோரெடாக்சின் என்னும் புரதமும் அதன் துணை என்சைமும் குற்றவாளிகள் என்று தெரிந்தது. கண்ட பரிகாரங்களுள் ஒன்று, திரவத்துள் காற்றைச் செலுத்துவது. செல்களைப் பதமாக வடித்து நற்செய்தியே சொல்லிக்கொண்டிருக்கும் சிறு சோதனை இந்த உண்மையை ஒருநாளும் வெளிப்படுத்தியிராது.

ரிடுக்ஸிமாப் என்னும் ஆன்டிபாடி மருந்தின் ஒத்த வடிவத்தை 2007ஆம் ஆண்டிலேயே விற்பனைக்குக் கொணர்ந்த தேசம் நம்முடையது. அறுவடையில் வீணாகும் ஒவ்வொரு பங்கும் மருந்தின் அடக்கவிலையில் ஏறி, கடைசியில் நோயாளியின் குடும்பத்தின்மீதே விழுகிறது. ஆகவே உயிர்த்தொழில்நுட்பம் போதிக்கும் நம் சர்வகலாசாலைகள், செல்லை வளர்க்கக் கற்பிக்கும் அதே சிரத்தையோடு அதை உடைத்தும் வடித்தும் அளந்தும் பார்க்கும் பயிற்சியைப் பாடத்திட்டத்தில் சேர்க்க வேண்டும்; ஒரு சுழல்தட்டும் சில சோதனைக்குழாய்களும் உள்ளங்கையளவு வடிகட்டிகளும் வாங்கித்தர நிர்வாகங்கள் தயங்கலாகாது.