மூன்று விநாடி மௌனம்

வானொலியில் மூன்று விநாடி சத்தமில்லாமல் போனால் எங்களுக்குக் கை நடுங்கும். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து பொறியாளர் முறைப்பார். அப்படிப் பிழைப்பு நடத்தும் நான், போன வாரம் ஓர் ஆவணப்படம் பார்த்துவிட்டு ஒலிவாங்கி முன் உட்காரவே கூச்சப்பட்டேன்.

'டெஃப் பிரசிடெண்ட் நவ்!' ஆப்பிள் டிவியில் 2025-இல் வந்தது. இயக்கியவர்கள் நைல் டிமார்க்கோவும் டேவிஸ் குகன்ஹைமும். டிமார்க்கோ பிறவியிலேயே காது கேளாதவர். படத்தில் வரும் கலாடெட் பல்கலைக்கழகத்தில் படித்தவரும்கூட.

வாஷிங்டனில் உள்ள அந்தப் பல்கலைக்கழகம் காது கேளாதவர்களுக்கானது. 1864-இல் அதற்கான சட்டத்தில் கையெழுத்திட்டவர் லிங்கன். ஆனால் 124 ஆண்டுகள் அதன் தலைவர்கள் எல்லாரும் காது கேட்பவர்களே! 1988 மார்ச் 6, இறுதிச் சுற்றில் மூன்று பேர். இருவர் காது கேளாதவர்கள். நிர்வாகக் குழு மூன்றாமவரான எலிசபெத் ஜின்சரைத் தேர்ந்தெடுத்தது. அவருக்குச் சைகை மொழி தெரியாது. அந்தச் செய்தியைக்கூட நேரில் வந்து சொல்லாமல், அச்சடித்த தாளாகக் கொடுத்தார்கள்.

மறுநாள் வாசலில் பேருந்துகளைக் குறுக்கே நிறுத்தி, சக்கரக் காற்றை இறக்கிவிட்டார்கள் மாணவர்கள். குழுத் தலைவர் ஜேன் ஸ்பில்மேன் பேச வந்தபோது அரங்கமே கத்தியது. இந்தச் சத்தத்தில் பேச முடியவில்லை என்று குறைப்பட்டார் அம்மையார். யாரிடம்? காது கேளாதவர்களிடம்! சிரித்துவிட்டேன். பிறகுதான் சுருக்கென்றது. அவர்களுடைய மொழியைக் கற்றிருந்தால் அவர் சத்தத்தோடு போராட வேண்டியதே இல்லையே.

மாணவர் தலைவர்கள் நான்கு பேர். இன்று நரை விழுந்த வயதில், அன்று தங்களுக்குள் நடந்த உரசலையும் மறைக்காமல் சொல்கிறார்கள். எனக்குப் பிடித்ததே அதுதான். கிங் ஜோர்டனையும் படம் தெய்வமாக்கவில்லை. இறுதிச் சுற்றிலிருந்த அவர், நடுவில் ஜின்சருக்கு ஆதரவு தந்து, மறுநாளே மாணவர் பக்கம் திரும்பியவர். ஜின்சர் விலக, மார்ச் 13-இல் அவரே தலைவரானார். ஸ்பில்மேனும் பதவி விலகினார். ஒரே வாரம்! இரண்டு ஆண்டில் உடற்குறையுள்ளோர் உரிமைச் சட்டம் அமெரிக்காவில் வந்தபோது, இந்தப் போராட்டத்தின் சூடு ஆறியிருக்கவில்லை.

கூச்சத்துக்குக் காரணம் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் காது கேளாதவர்களைப் பற்றி ஒரு நிகழ்ச்சி செய்தேன். 'குரலற்றவர்களின் குரல்' என்று உருக்கமாகத் தலைப்பு வைத்தேன். பேசியவர்கள் ஓர் ஆசிரியர், ஒரு மருத்துவர், ஒரு தாய். காது கேளாதவர் ஒருவர்கூட இல்லை. நேயர்கள் பாராட்டினார்கள். நானும் ஸ்பில்மேன் அம்மையாரும் ஒரே பெஞ்சில்தான்.

அதை மறுபடி செய்யப்போகிறேன். சைகை மொழிபெயர்ப்பாளரைத் தேடிக்கொண்டிருக்கிறேன். விருந்தினர் கையால் பேசி முடிக்கும்வரை, காற்றலையில் மௌனம்தான் போகும்.

பொறியாளரிடம் இன்னும் சொல்லவில்லை.